மணியும் மணி வார்த்தோரும்: மாத்தளைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஈழநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச்சுவடியையும் நாணயத்தையும் சான்றாகக் கொண்டனர். மணியைச் சான்றாகக் கொண்டோர் மிகச் சிலரே. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கல்வெட்டு நட்ட இடத்தில் நிற்கும். நாணயம் மண்ணுக்குள்ளே கிடந்து காத்திருக்கும். மணியோ வெடித்த அன்றே உலைக்களத்துக்குப் போய்விடும். வெடித்த மணி ஒலிக்காது. ஒலிக்காத மணி வெறும் உலோகம். உலோகத்துக்கு விலை உண்டு. ஆகவே பழைய மணிகள் பல குடமாகவும் விளக்காகவும், ஒருகாற் பீரங்கியாகவும் மாறி நம் கண்ணிலிருந்து மறைந்தன. எஞ்சியவற்றையும் ஏட்டிலே பதிந்த செய்திகளையும் கொண்டே இக்கலையின் கதையை ஒருவாறு கூட்டிக் காணவேண்டியுள்ளது.

ஈழத்து மணிகளுள் யாவரும் அறிந்தது இன்று இல்லாத ஒரு மணியே. அநுராதபுரத்தில் நாற்பத்து நான்கு ஆண்டு ஆட்சி செலுத்திய சோழநாட்டு எல்லாளன் தன் கட்டிலின் தலைமாட்டில் மணியொன்றைத் தொங்கவிட்டு, நீதி வேண்டுவோர் இழுத்து அடிக்குமாறு அதற்கு நீண்ட கயிறு பூட்டியிருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. கன்றை இழந்த பசு அக்கயிற்றை இழுத்தது. பாம்புக்குத் தன் குஞ்சைப் பறிகொடுத்த பறவை இழுத்தது. காயவைத்த அரிசியைப் பருவந் தவறிய மழைக்கு இழந்த கிழவியும் இழுத்தாள். பசுவின் கதை திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாகத் தமிழகத்திலும் வழங்குவது. சிலப்பதிகாரம் அதனைச் சுட்டும். பெரியபுராணம் அதனை விரிக்கும். ஆயின் பறவையும் கிழவியும் மகாவம்சத்துக்கே உரியவர். கதை நடந்ததா என்ற வினாவைக் காட்டிலும், எதிரியெனக் கருதிய அரசனின் நடுநிலையைப் புகழ வந்த பௌத்தத் துறவி அதற்கு அடையாளமாக ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தமையே இங்கு நோக்கத்தக்கது. மனிதமொழி பேசத் தெரியாத உயிர்க்கும் மணியின் நா பேசும் என்ற எண்ணம் அக்கதையின் உள்ளே கிடக்கின்றது.

மனிதக் கை படாமல் ஒலிக்கும் மணி என்னும் கருத்து கீழைநாடுகளிலே மிகப் பழையது. மகாதூபியின் தாதுக்கருவறையை வருணிக்கும் மகாவம்சம் அங்கே விதானத்தில் தொங்கிய சிறு பொன்மணிச் சரங்களைக் குறிப்பிடுகின்றது. சீனத்தின் லொயாங் நகரில் 516ஆம் ஆண்டில் எழுந்த யொங்நிங் விகாரைக் கோபுரத்தின் மணிகள் இராக்காற்றிலே ஒலித்ததை நெடுந்தொலைவிலும் கேட்கலாம் என அந்நாட்டார் எழுதிவைத்தனர். யப்பானியர் கோடையில் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிடும் சிறுமணியும் இம்மரபின் வழிவந்ததே. இன்று கடைகளிற் காற்றுமணி என்று விற்பனையாவதை மேனாட்டாரின் புதுப்பொருள் என எண்ணுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

இனி மணி எவ்வாறு பிறக்கின்றது என்பதைப் பார்ப்போம். மணிக்கு உகந்த உலோகம் வெண்கலம். செம்பு நான்கு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் என்பது ஏறத்தாழ உலகெங்கும் வழங்கும் கணக்கு. வெள்ளீயம் குறைந்தால் ஒலி மழுங்கும். கூடினால் உலோகம் நொறுங்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை பார்வைக்குப் பொன்போல் இருந்தாலும் ஒலியில் வெண்கலத்துக்கு நிகராகாது. மலிவு கருதிப் பித்தளையில் வார்த்த மணிகள் அடித்தவுடனே அடங்கிவிடுவது இதனாலேயே. வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை ஆளுந் திறன் தென்னாட்டில் இரும்புக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த கலங்கள் சான்று. இலங்கையிலோ செம்புத் தாது சேருவிலைப் பகுதியில் உண்டு; வெள்ளீயம் கடல் கடந்தே வரவேண்டும். ஆகவே மலைநாட்டில் வார்த்த சிறு மணியொன்றும் ஏதோ ஒரு கப்பலுக்குக் கடன்பட்டதாகும்.

உலோகம் உருகுமுன் மெழுகு உருகவேண்டும். களிமண்ணும் சாணமும் உமியும் பிசைந்து மணியின் உட்கருவை வனைந்து உலர்த்துவர். அதன்மேல் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகைத் தகடாக்கிப் போர்த்துவர். மணியின் வளையம், வரிகள், எழுத்துக்கள் யாவும் இந்த மெழுகிலேயே அமையும். பின்னர் மெல்லிய வண்டலைப் பலமுறை பூசி, அதன்மேல் தடித்த மண்ணைச் சாத்தி, மெழுகு வடியவும் உலோகம் இறங்கவும் காற்று வெளியேறவும் வழிகள் விடுவர். சூடேற்றியதும் மெழுகு ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெறுமையை உலோகம் நிரப்பும். எத்துணை உலோகம் வேண்டும் என்பதற்கு வார்ப்போரிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. முதலிலேயே மெழுகை நிறுத்துக்கொள்வர். ஒரு பங்கு மெழுகுக்கு எட்டு அல்லது ஒன்பது பங்கு உலோகம் உருக்கினாற் போதும். மெழுகினும் வெண்கலம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்த்தியுடையது என்பதைப் பௌதிகம் படித்தவர் பின்னர் விளக்கலாம். பட்டறையினர் அதனைத் தராசிலே முன்னரே கண்டுவிட்டனர்.

மூசையில் உருகிய உலோகத்தின் பதத்தை அதன் நிறமே சொல்லும். ஊற்றும்போது இடையில் நிறுத்தலாகாது. நிறுத்தினால் மணியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு விழும். பார்வையை ஏய்க்கும் அம்மடிப்பு செவியை ஏய்க்காது. ஆறியபின் மண்ணச்சை உடைத்தே மணியை எடுக்கவேண்டும். ஓரச்சில் ஒரு மணிதான். ஒரே அளவில் வார்த்த இரு மணிகள் ஒரே சுரத்தில் ஒலிக்காதது இதனாலாகும். சுரம் சற்று உயர்ந்திருப்பின் விளிம்பின் உட்புறத்தை அராவி இறக்கலாம். தாழ்ந்த சுரத்தை உயர்த்துவது அவ்வளவு எளிதன்று.

குழாய்களாலான காற்றுமணிக்குக் கணக்கு வேறு. குழாயின் அதிர்வெண் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மாறும். பாதியாக நறுக்கிய குழாயின் ஒலி ஒரு ஸ்தாயி அன்று, இரண்டு ஸ்தாயி மேலே ஏறிவிடும். தொங்கவிடும் துளையை நுனியிலிருந்து நீளத்தின் 22 விழுக்காடு அளவில் இடவேண்டும். அவ்விடத்திற் குழாய் அதிர்வதில்லை. கண்ட இடத்தில் துளையிட்டுக் கட்டினால் கயிறே ஒலியை விழுங்கிவிடும்.

கண்டி இராச்சியத்தில் இத்தொழில் சந்தைத் தொழிலாக இருக்கவில்லை. இராசகாரிய முறைமையின்கீழ்க் கம்மியர் மன்னனிடமோ விகாரையிடமோ தேவாலையிடமோ நிலம் பெற்றனர். நிலத்துக்கு ஈடாகத் தம் கைவினையைச் செலுத்தினர். 'பட்டல் ஹதர' எனப்பட்ட அரச பட்டறைகளில் தேர்ந்த கைவினைஞர் பணியாற்றினர். பசிக்கு நிலமும் புகழுக்கு அரசனும் இருந்தமையால் ஒரு மணிக்கு எத்தனை நாள் எடுத்தது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. இம்முறையை முற்றிலும் பொற்காலம் எனப் போற்றுதல் பொருந்தாது. சாதியாற் பிணிக்கப்பட்ட கடமை அது. விட்டு விலக விரும்பியவனுக்கு வழி இருக்கவில்லை. எனினும் 1815இல் இராச்சியம் வீழ்ந்து, 1830களின் தொடக்கத்தில் இராசகாரியமும் ஒழிந்தபோது, கடமையோடு ஆதரவும் போயிற்று. கோப்பிக்கும் தேயிலைக்கும் நிலம் தேடிய அரசுக்கு வார்ப்புத் தொழிலாளரைப் பற்றிய கவலை இருந்ததில்லை.

அவ்வாறு தேய்ந்துகொண்டிருந்த கலையை ஏட்டில் ஏற்றியவர் ஒரு தமிழர் என்பது நாம் நினைவிற் கொள்ளவேண்டியது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி கனிப்பொருளாய்வுப் பணியின் பொருட்டு மலைநாட்டில் திரிந்தவர். கல்லைத் தேடிச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அவரது பெருநூலில் மெழுகு வார்ப்பு முறையும் உலோகத் தொழிலாளரின் வாழ்வும் இடம்பெற்றன. பட்டறைக்குள் அமர்ந்து செய்முறையைக் கேட்டு எழுதிய ஆய்வாளரை அதற்குமுன் ஈழம் கண்டது அரிது.

மாத்தளை மாவட்டத்தின் வடபால் அமைந்த வஹகோட்டை இவ்வரலாற்றில் வேறொரு வாயிலைத் திறக்கின்றது. சூழவுள்ள பௌத்த ஊர்களின் நடுவே நெடுங்காலமாகக் கத்தோலிக்க ஊராக விளங்குவது அது. புனித அந்தோனியாரின் திருத்தலத்தாற் பெயர்பெற்றது. கண்டி மன்னர் சிறைப்பிடித்துக் குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் தாம் என்பது அவ்வூர் மக்களின் மரபுச் செய்தி. 1630இல் ரந்தெனிவெலைப் போரில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா மாண்டு, அவனது படையும் சிதறியமை வரலாறு அறிந்ததே. 1658இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்போர்க்கு மரணதண்டனை விதித்தபின், கரையோரக் கத்தோலிக்கர் பலர் கண்டி எல்லைக்குட் புகலடைந்தனர். அந்நியர் கோவிலைக் கண்டி மன்னர் பொறுத்துக்கொண்டனர். ஆனால் என்றும் ஒரே படியாக அன்று. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசவ் வாஸ் அடிகளார் கண்டியிற் சிறையிருந்து, பின் அம்மன்னனது ஆதரவிலேயே திருப்பணி செய்தார். 1739 முதல் 1747 வரை ஆண்ட ஸ்ரீ விஜய இராசசிங்கனின் காலத்திலோ குருமார் வெளியேற்றப்பட்டனர். குரு இல்லாத ஊர்களில் அண்ணாவியாரும் மூப்பருமே செபத்தை நடத்தினர். 1806இல் ஆங்கில அரசு கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கும்வரை கரையோரத்திலும் நிலை இதுவே.

மணியைப் பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன தொடர்பு என வினவலாம். மணி என்பது ஒரு சமூகம் தன் இருப்பைக் கூவி அறிவிக்கும் கருவி. ஒளிந்து வாழும் சமயத்துக்கு அது ஆகாது. ஒரு தேசத்தில் எவருடைய மணி எக்காலத்தில் ஒலித்தது என்பதைத் தொகுத்தால் அங்கே எவருக்கு எப்போது உரிமை இருந்தது என்பதும் தெரிந்துவிடும். வென்றவர் தோற்றவரின் கோவிலை இடித்தாலும் மணியை இடிப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. யாழ்ப்பாணக் கோட்டையில் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்தில் தொங்கிய மணியில் யாழ்ப்பாணப் பட்டினத்தின் அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் போர்த்துக்கேய மொழியிற் பொறிக்கப்பட்டிருந்தன. மாதா வணக்கத்தை மூடநம்பிக்கை எனத் தடைசெய்த சபையார் மாதாவின் மணியை அடித்தே தம் வழிபாட்டுக்கு ஆள் கூட்டினர்! கொழும்புப் புறக்கோட்டையில் கைமன் வாயில் மணிக்கூண்டிற் காணப்படும் மணியும் கோட்டை நகரின் பாழடைந்த போர்த்துக்கேயக் கோவிலிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகின்றது.

ஐரோப்பிய மணிகளிற் பலவற்றில் வார்த்தவர் பெயர் உண்டு. நம் நாட்டு மணிகளில் தெய்வத்தின் பெயர் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்கும், உடையவர் பெயர் இருக்கும். வார்த்தவர் பெயர் மட்டும் இராது. இதற்கு மிக நெடுந்தொலைவிற் கிடைத்த சான்று நியூசிலாந்தில் உள்ளது. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்ற சமயத்தொண்டர் அந்நாட்டின் வடபகுதியில் மாவோரி மக்கள் கிழங்கு அவிக்கும் கலமாக ஒரு வெண்கலப் பொருளைப் பயன்படுத்துவதைக் கண்டார். அது விளிம்புடைந்த ஒரு மணி. அதன் உடலைச் சுற்றித் தமிழ் எழுத்துக்கள். முகைதீன் பக்ஷ் என்பாரது கப்பலின் மணி என்பது அவற்றின் பொருள். இன்று அது வெலிங்ரன் நகரிலுள்ள தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அது அங்கு எவ்வாறு சேர்ந்தது என்பது பற்றியும், அதன் காலம் பற்றியும் அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர் என்று இதைக்கொண்டு முழங்குவோர் உளர்; கைவிடப்பட்ட கப்பலொன்று நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. இம்முழக்கத்தை விடவும் பெறுமதியான செய்தி அம்மணியிலேயே இருக்கின்றது. தமிழ் முஸ்லிம் கப்பலுடைமையாளர் ஒருவர் தம் மணியில் தம் தாய்மொழியையே பொறிக்கச் செய்தார். அதனை மெழுகில் எழுதத் தெரிந்த ஒரு கை எங்கோ ஒரு பட்டறையில் இருந்தது. அக்கை எவருடையது என்று மணி கூறவில்லை.

பிற்காலத்தில் மாத்தளையில் இத்தொழிலுக்கு மீண்டும் ஓர் இடம் கிடைத்தது. திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட தலமென மரபு கூறும் அலுவிகாரை மாத்தளை நகருக்கு அண்மையில் உள்ளது. அவ்வூர்க் குடும்பத்தில் 1922இற் பிறந்த ஏனா டி சில்வா பத்திக் துணிக் கலையாற் புகழ்பெற்றவர். அவர் தம் மூதாதையர் ஊரில் அமைத்த கைவினை நிலையத்தில் பத்திக், தையல், தச்சுவேலை ஆகியவற்றுடன் பித்தளை வார்ப்புப் பட்டறையும் இடம்பெற்றது. ஊரவரே அங்கு தொழில் பயின்றனர். 2015இல் அவர் மறைந்தார். அரசன் இருந்த இடத்தில் இங்கு வாங்குபவன் இருக்கின்றான்: விடுதி உரிமையாளன், உல்லாசப் பயணி, வீட்டு முற்றத்தை அழகுபடுத்த விரும்பும் நகரவாசி. வாங்குபவன் கேட்பது பையில் அடங்கும் பொருள். கண்டாமணியை எவரும் கொண்டுசெல்ல முடியாது, காற்றுமணியைக் கொண்டுசெல்லலாம். கைவினைச் சந்தையில் மணி சிறுத்துப் போனமைக்கு இதுவே காரணம்.

இதனைக் கலையின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் முற்றும் ஏற்கத்தக்கதன்று. மெழுகை நிறுத்தல், வண்டலைப் பூசுதல், நிறங்கண்டு ஊற்றுதல் ஆகிய மூன்றும் சிறுமணிக்கும் பெருமணிக்கும் ஒன்றே. சிறுமணி வார்க்கும் கை இருக்கும்வரை பெருமணிக்கும் வழி உண்டு. கவலைக்குரியது வேறு. ஆயத்தக் குழாயை அளந்து நறுக்கித் துளையிட்டு விற்பதற்கு உலையும் வேண்டா, மெழுகும் வேண்டா. அதன் விலையோடு வார்த்த மணி போட்டியிட முடியாது. உலையை மூடிவிட்டுக் குழாய் நறுக்கும் பட்டறை மணிக்கடையாகத் தொடரலாம். மணி வார்க்கும் பட்டறையாகத் தொடராது.

மணி வார்ப்போர் பழைய பித்தளை, வெண்கலப் பாத்திரங்களையும் நிறுத்து வாங்கி உருக்குவதுண்டு. அக்குவியலில் உடைந்த விளக்கும் ஓட்டை விழுந்த குடமும் வெடித்த மணியும் கிடக்கும். எழுத்துப் பொறித்த துண்டு ஏதேனும் அகப்பட்டால், மூசையில் இடுமுன் அதனைப் படித்துப் படியெடுத்து வைப்பதற்குப் பல்கலைக்கழக வரலாற்று மாணவர் ஒருவர் ஒரு நாளேனும் அங்கு சென்றிருந்தாற் போதும்.