இதயச் செயலிழப்பு: சிகிச்சை திசை மாறிய வரலாறு

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று மருத்துவர் சொன்னதுமே, இதயம் நின்றுவிடப் போகிறது என்று குடும்பமே கலங்கிப்போகிறது. இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதல்ல. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை அது. அல்லது, உள்ளே அழுத்தம் ஏறினால்தான் அனுப்ப முடியும் என்கிற நிலை. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டு இதயத்தசையின் ஒரு பகுதி மடிகிறது. அந்தத் தழும்போடு துடிக்கும் இதயம் பின்னாளில் செயலிழப்புக்கு ஆளாகலாம். நெடுநாள் ரத்தக் கொதிப்பு, வால்வுக் கோளாறு, சர்க்கரை நோய், மிகுந்த குடி, வைரஸ் தொற்று ஆகியவையும் அதே இடத்தில் கொண்டுபோய் விடலாம்.

அடையாளங்கள் எளியவை. மாலையில் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். மாடி ஏறினால் இளைக்கும். படுத்தால் மூச்சு முட்டுவதால் தலைக்கு இரண்டு, மூன்று தலையணை வேண்டியிருக்கும்.

பழைய மருத்துவர்கள் கண்டது இந்த வீக்கத்தைத்தான். அதை உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் தனி நோயாக எண்ணினார்கள். ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது, அதை உந்துவது இதயம் என்று வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவிய பிறகும், நோயாளியின் படுக்கையருகே பெரிதாக எதுவும் மாறவில்லை. நரம்பைக் கீறி ரத்தத்தை வெளியேற்றினார்கள், அட்டை விட்டார்கள். வீங்கிய காலில் மெல்லிய குழாயைச் செருகி நீரை வடியவிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நடந்தது.

முதல் உருப்படியான மருந்து ஒரு கிராமத்துக் கைவைத்தியத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த கலவையால் நீர்வீக்கத்தைக் குணப்படுத்தி வந்தார். அந்தக் குடும்ப ரகசியத்தைப் பற்றி 1775-இல் வில்லியம் வித்தரிங் என்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்டார்கள். தாவரவியலிலும் தேர்ந்தவரான அவர், வேலை செய்யும் மூலிகை ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடிதான் என்று கண்டுகொண்டார். அடுத்த பத்தாண்டுகள் பர்மிங்ஹாம் பகுதியில் அதன் இலையை அளவு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, 1785-இல் புத்தகமாக வெளியிட்டார். பலிக்காத சிகிச்சைகளையும் ஒளிக்காமல் அதில் எழுதியதுதான் அவருடைய பெருமை. அளவு மீறினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளும் பச்சையுமாகும், நாடி தளரும் என்று எச்சரித்தார். அந்தச் செடி இனத்திலிருந்து வந்த டிஜாக்சின் மாத்திரை இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கிறது.

நோயைக் கண்டறிவதில் முன்னேற்றம் தனிப் பாதையில் நடந்தது. 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. 1895-இல் எக்ஸ்ரே வந்தது. பெருத்த இதயமும் நீர் கோத்த நுரையீரலும் கண்ணுக்குத் தெரியலாயின. அடுத்து ஈசிஜி. இவற்றுள் இந்த நோய்க்கு மிகப் பெரிய கொடை எக்கோ பரிசோதனைதான். கப்பல் கட்டும் தளங்களில் இரும்பிலுள்ள விரிசலைத் தேட ஒலியலைக் கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் அத்தகைய கருவி ஒன்றைக் கொண்டு 1953 அக்டோபரில் துடிக்கும் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள்.

இன்று எக்கோ அறிக்கையில் முதலில் பார்ப்பது 'இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்' அளவை: இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பது. 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தசை பலவீனம். 50-க்கு மேல் இருந்தும் மூச்சு வாங்கலாம்; அங்கே இதயம் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் விறைத்துப்போனதால் சரியாக விரிவதில்லை. ரத்தப் பரிசோதனையும் உதவுகிறது. இதய அறைகள் இழுபடும்போது தசை சுரக்கும் பிஎன்பி என்ற ஹார்மோனை 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதலில் கண்டெடுத்தது பன்றியின் மூளையில்! மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்குக் கோளாறு இதயத்திலா, நுரையீரலிலா என்று பிரித்தறிய அது துணை செய்கிறது.

கோத்த நீரை இறக்கும் மருந்தும் தற்செயலாகத்தான் வந்தது. வியன்னாவில் 1919-இல் சிபிலிஸ் நோய்க்குப் பாதரச ஊசி போட்டபோது சிறுநீர் வெள்ளமாகப் போவதை ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் கவனித்தார். 1950-களின் இறுதியில் தயசைடும் 1960-களில் ஃப்ரூசமைடும் வந்து, நச்சுத்தன்மை மிக்க பாதரசத்துக்கு விடை கொடுத்தன. மூச்சு சீரானது; ஆனால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போனது.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் மையம். பலவீனமான இதயத்தை முடுக்கிவிட்டால் நோயாளி பிழைப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். இதயச் சுருக்கத்தை வலுவாக்கும் மில்ரினோன் மருந்தை 1,088 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1991-இல் வெளியானது. மருந்து எடுத்துக்கொண்டவர்களிடையே மரணம் 28 விழுக்காடு கூடியிருந்தது. களைத்துப்போன மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டியது போலாயிற்று. இதயம் தளர்ந்ததும் உடல் பதறி, அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரந்து துடிப்பை விரட்டுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. சில மணி நேரத்துக்கு உயிர் காக்கும் அந்த ஏற்பாடு, மாதக்கணக்கில் நீடித்தால் இதயத்தசையையே அரிக்கிறது.

ஆகவே, அந்த ஹார்மோன்களை அடக்குவதே வழி. பிரேசிலின் ஜராராக்கா விரியன் பாம்பின் நஞ்சில் சேர்ஜியோ ஃபெரெய்ரா கண்ட பொருள் ஒன்று, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கேப்டோபிரில் மருந்துக்கு வழிகாட்டியது. அதே குடும்பத்து எனாலாபிரிலை முற்றிய நோயாளிகள் 253 பேரிடம் சோதித்த ஆய்வு 1987-இல் வந்தது: ஆறு மாதத்தில் போலி மாத்திரைக் குழுவில் 44 விழுக்காட்டினரும், மருந்துக் குழுவில் 26 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர்.

இதைவிடத் துணிச்சலான காரியம் சுவீடனில் நடந்தது. துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை இந்த நோயாளிகளுக்குத் தரவே கூடாது என்பது அன்றைய பாடம். 1975-இல் யோத்தபரி நகரின் ஃபின் வாக்‌ஸ்டைனும் தோழர்களும் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்கள் தேறியதைப் பதிவு செய்தார்கள். மருத்துவ உலகம் நம்பக் கால் நூற்றாண்டு ஆனது. அந்த வகையைச் சேர்ந்த பைசோப்ரலாலின் ஆய்வு முடிவு 1999-இல் வெளியானது; மரணம் 34 விழுக்காடு குறைந்தது கண்டு, ஆய்வையே முன்கூட்டி நிறுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில் ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்தும் மரணத்தை 30 விழுக்காடு குறைத்தது.

பின்னர் 2014-இல் எனாலாபிரில் வகைக்கு மாற்றாகச் சாகுபிட்ரில்-வால்சார்டன் கூட்டு மாத்திரை சேர்ந்தது. 2019-இல் சர்க்கரை நோய் மருந்தான டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன்படுவது தெரிந்தது. இந்த நான்கு வகை மருந்துகளையும் சிறு அளவில் சேர்த்துத் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவதே இன்றைய முறை. தேவைப்படுவோருக்கு இதயத்தின் இரு பக்கத்தையும் ஒருசேரத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் உண்டு. கடைசி வழி மாற்று இதயம்: 1967-இல் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு தொடங்கியது, 1994-இல் டெல்லி எய்ம்ஸில் வேணுகோபால் குழுவினரால் இந்தியாவில் வெற்றி கண்டது.

ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்படுவது வேறு, நோயாளியின் கைக்குப் போவது வேறு. திருவனந்தபுரத்தில் 2013-இல் 1,205 நோயாளிகளைப் பின்தொடர்ந்த பதிவேட்டின்படி அவர்களின் சராசரி வயது 61. ஓராண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். தசை பலவீனமானவர்களில் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளை முழுமையாகப் பெற்று வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒருவர்தான். அந்த மாத்திரைகளில் பல காப்புரிமை முடிந்து, மலிவான விலையில் கிடைப்பவை.