உள்நாக்கும் தொண்டைச் சதையும்: ஓர் அறுவையின் வரலாறு

தொண்டை நோகிறது, எச்சில் விழுங்க இயலவில்லை என்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு தமிழர் வீட்டில் சொல்லிப் பாருங்கள். "உள்நாக்கு வளர்ந்திருக்கிறது" என்பதே அங்குள்ள மூத்தவர் சொல்லும் முதல் மொழியாக இருக்கும். முற்காலத்துப் பாட்டிமார் அதனோடு நில்லாது, பெருவிரலில் உப்பும் மிளகுத் தூளும் தொட்டு, நோயாளியின் வாய்க்குள் விட்டு, உள்நாக்கைத் தூக்கிவிடுவதும் உண்டு. அந்த நெருப்பு எரிச்சலை இளமையில் பட்டவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால், பாட்டியின் விரல் தேடியது ஒன்று. நோய் இருந்தது வேறொன்று. உள்நாக்கு என்பது மேலண்ணத்தின் கடைக்கோடியில் நடுவே தொங்கும் சிறு தசை. அதற்கு அண்ணாக்கு என்றும் பெயருண்டு. பெரும்பாலும் வீங்கிச் சிவந்து காய்ச்சலை உண்டாக்குவது அதுவன்று. நாக்கின் அடிப்பக்கத்தில் இருமருங்கும் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்துள்ள தொண்டைச் சதைகளே. இவற்றையே மருத்துவர் டான்சில் என்பர். மலாய் மொழியிலும் உள்நாக்குக்குத்தான் வீட்டுப் பெயர் உண்டு. 'அனாக் தெக்காக்', அதாவது தொண்டையின் பிள்ளை, என்பர். தொண்டைச் சதைக்கோ அங்கும் மேல்நாட்டுச் சொல்லே வழங்குகிறது. கண்ணாடியில் வாயைத் திறந்தால் முதலிற் புலப்படுவது உள்நாக்கு. ஆதலால் பழியும் அதன் மீதே விழுந்தது போலும்.

இப்பெயர் மயக்கம் சிறிய செய்தியே. இதனோடு பிறந்த இன்னொரு மயக்கம்தான் கவலைக்குரியது. 'தொண்டைச் சதையை எடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் சின்ன அறுவை. நான்கு நாள் ஐஸ்கிரீம் தின்றால் ஆறிவிடும்' என்று எண்ணிக்கொண்டு முப்பது நாற்பது வயதினர் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். ஏழாம் நாள் படும் துன்பத்தைக் கண்டு திகைக்கின்றனர். இம்மயக்கம் எங்கிருந்து வந்தது? அவ்வறுவையின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் விடை கிடைக்கும்.

பழநூல் கண்ட முறை

தொண்டையில் கத்தி வைப்பது இக்காலத்துப் புதுமையன்று. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, வாய் நோய்களைக் கூறுமிடத்தில் உள்நாக்கின் வீக்கத்தையும் தொண்டைச் சதையின் வீக்கத்தையும் வேறு வேறாகவே பிரித்துப் பெயரிட்டுள்ளது. முன்னது கலசுண்டிகை, பின்னது துண்டிகேரி. துண்டிகேரி என்பதையே இன்றைய டான்சில் வீக்கமாக ஆயுர்வேத அறிஞர் கொள்வர். உள்நாக்கைப் பற்றி இழுத்து அளவாக அறுக்குமாறு கூறும் அந்நூல், துண்டிகேரிக்கும் அதே முறையைச் சொல்லி, கத்தி வேலையில் மட்டும் வேறுபாடு உண்டென்கிறது.

அந்நூல் தரும் எச்சரிக்கையே நாம் உற்று நோக்கத்தக்கது. மிகுதியாக அறுத்தால் குருதி பெருகி உயிர் போகும். குறைவாக அறுத்தால் வீக்கமும் வாய்நீர் ஒழுகலும் மயக்கமும் தோன்றும் என்று அது கூறுகிறது. அறுத்த பின் புண்ணில் தடவச் சொல்லும் மருந்துகளுள் மிளகும் தேனும் உப்பும் உள்ளன. பாட்டியின் விரலில் இருந்த உப்புக்கும் மிளகுக்கும் எவ்வளவு பழைய உறவினர் இருக்கின்றனர், பாருங்கள்!

மேற்கே, கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுதிய செல்சஸ் என்பாரும் இவ்வறுவையை வருணித்துள்ளார். நோயால் கெட்டிப்பட்ட தொண்டைச் சதையைச் சுற்றி விரலால் கீறிப் பெயர்த்தெடுக்க வேண்டும். வராவிடில் கொக்கியால் பற்றிக் கத்தியால் அறுக்க வேண்டும். பின்பு காடியால் கொப்பளிக்கச் செய்து, குருதியை நிறுத்தும் மருந்தைப் பூச வேண்டும் என்பது அவர் முறை. மயக்க மருந்து இல்லாத காலம் அது. நோயாளி பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கருவி வந்தது, வேகம் வந்தது

பல நூற்றாண்டுகள் இவ்வறுவை அரிதாகவே நடைபெற்றது. அதனை எளிதாக்கியது ஒரு கருவி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து அறுவை மருத்துவர் பிலிப் சிங் பிசிக் என்பவர், 1828-ஆம் ஆண்டில் தொண்டைச் சதையை வெட்டும் கருவியொன்றை வெளியிட்டார். வளையத்துள் சதையைச் சிக்க வைத்து, ஓர் அலகைத் தள்ளினால் துண்டாகிவிடும். இதில் வேடிக்கை என்னவெனில், உள்நாக்கை வெட்டுவதற்கென்று முன்னரே இருந்த கருவியைத் திருத்தியே அவர் இதனைச் செய்தார். வீட்டுப் பேச்சில் ஒன்றான உள்நாக்கும் தொண்டைச் சதையும் கருவியிலும் ஒன்றாயின!

பின்னர் இலண்டன் மருத்துவர் மோரல் மெக்கன்சி அக்கருவியைச் சீர்படுத்தினார். 1846-இல் ஈதரும், 1847-இல் குளோரோபாரமும் அறுவைக்குத் துணையாயின. 1884-இல் கொக்கேய்ன் உடலின் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் என்பது தெரிய வந்தது. அதன் பின், பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்தே, விழிப்போடு இருக்கையில் தொண்டைச் சதையை எடுக்கும் வழக்கமும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துண்டாக வெட்டுவதை விட்டுச் சதையை அதன் உறையோடு முழுவதும் பிரித்தெடுக்கும் முறை நிலைபெற்றது.

தமிழில் அறுவை நூல்

இந்த மேல்நாட்டு மருத்துவம் தமிழருக்கு அன்னியமாகவே வந்தது என்று எண்ணுதல் தவறு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில அறுவை நூலொன்று அவர் முயற்சியால் 'இரண வைத்தியம்' என்னும் பெயரில் 1867-இல் தமிழில் வெளிவந்தது. உடற்கூற்று நூலொன்று 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் வந்தது. உறுப்புக்கு உறுப்பு பெயர் பிரித்துச் சொல்ல வேண்டும் என்ற கருத்து நம் மொழியில் அன்றே வேரூன்றிவிட்டது என்க.

கிரீன் மறைந்தது 1884-இல். அதற்கு இரண்டாண்டு கழித்து, 1886-இல், கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், நாளடைவில் இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் மருத்துவமனை ஊழியராகவும் வந்தனர். தமிழகத்தார் தண்டவாளத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் உழைத்தனர். தோட்டத்தில் நோயென்றால் முதலில் பார்ப்பவர் 'டிரசர்'. அவர் தொண்டைக்கு மருந்து பூசுவார். கொப்பளிக்க நீர் தருவார். அதற்கு மேல் வேண்டுமானால் நகர மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

எண்ணாமல் அறுத்த காலம்

அதே காலத்தில் கிள்ளானில் ஓர் அரிய செயல் நிகழ்ந்தது. 1901-இல் அரசாங்க மருத்துவராக அங்கு வந்த மால்கம் வாட்சன், ஊரையும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் வாட்டிய மலேரியாவை எதிர்த்துச் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்தார். செய்ததோடு அமையாமல், முன்பு எத்தனை பேர் காய்ச்சலில் வீழ்ந்தனர், பின்பு எத்தனை பேர் என்று எண்ணிக் கணக்கெழுதினார். அக்கணக்கே அவர் முறையை உலகறியச் செய்தது.

தொண்டைச் சதைக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1912 முதல் சிகாகோ மருத்துவர் பிராங்க் பில்லிங்ஸ் முதலியோர், பல்லிலும் தொண்டைச் சதையிலும் மறைந்திருக்கும் சீழே மூட்டு வாதம் முதலான தொலைவுறுப்பு நோய்களுக்குக் காரணம் என்று முழங்கினர். அக்கொள்கை பரவப் பரவ, நோயற்ற சதைகளும் வெட்டுண்டன. எண்ணிப் பார்த்தவர் சிலரே.

எண்ணியபோது கிடைத்த விடை தலை குனியச் செய்வது. 1934-இல் நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தனர். அவர்களுள் 611 பேருக்கு ஏற்கெனவே சதை எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைப் பார்த்த மருத்துவர்கள் 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றனர். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினர். அவர்கள் 99 பேரைப் பொறுக்கினர். அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாம் முறை அனுப்ப, 51 பேருக்கு அறுவை என்றனர். நோயைப் பார்த்துத் தீர்ப்பளித்தனரா? இல்லை, எந்தக் கூட்டத்தை அனுப்பினாலும் அதிற் பாதிக்குச் சற்றுக் குறைய அறுப்பது என்ற பழக்கமே தீர்ப்பளித்தது. 1938-இல் இங்கிலாந்தின் அலிசன் குளோவரும், ஊருக்கு ஊர் இவ்வறுவையின் எண்ணிக்கை காரணமின்றி மாறுபடுவதைக் காட்டினார்.

1940-களில் பெனிசிலின் வந்தது. கத்தியின் அவசரம் தணிந்தது. 1984-இல் அமெரிக்க மருத்துவர் பாரடைஸ் குழுவினர், கடுந்தொண்டை நோவு ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டாண்டில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்றாண்டில் ஆண்டுக்கு மூன்று முறை வந்த பிள்ளைகளை ஆராய்ந்து, அத்தகையோர்க்கு அறுவையால் பயனுண்டு என்று நிறுவினர். கணக்கு ஒருவாறு தொடங்கியது.

வளர்ந்தவர் தொண்டை வேறு

இக்கணக்கெல்லாம் பிள்ளைகளைப் பற்றியது. வளர்ந்தவரைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி ஒன்று பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் நடந்து, 2023-இல்தான் வெளிவந்தது. அடிக்கடி தொண்டை அழற்சி கண்ட 453 பெரியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்தனர். மற்றவருக்கு வழக்கமான மருந்தோடு காத்திருந்தனர். இரண்டாண்டில் அறுவை செய்துகொண்டவர் தொண்டை நோவால் வருந்திய நாட்கள் நடுவளவில் 23, காத்திருந்தோர்க்கு 30. ஆறும் காலத்து நோவையும் சேர்த்து எண்ணியும் அறுவையின் பக்கமே ஆதாயம் நின்றது. ஆனால் அறுவைப் பிரிவினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குருதிக் கசிவு ஏற்பட்டது. ஆதாயமும் உண்மை, அதன் விலையும் உண்மை.

அடிக்கடி வரும் அழற்சியன்றி, சதையருகே சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப உண்டாதலும், உறக்கத்தில் மூச்சு தடைப்படுதலும் அறுவைக்குக் காரணமாகலாம். ஒருபுறச் சதை மட்டும் பெருத்திருந்தால் பெரியவர்களிடம் புற்றுநோய் ஐயமும் எழும். அப்போது காத்திருத்தல் தகாது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மலேசியச் சீனரிடையே மிகுதியாகக் காணப்படுவதையும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரசாத் அதனை நெடுங்காலம் ஆராய்ந்ததையும் அறிந்தோர், 'தொண்டை வீக்கம்தானே' என்று பெரியவர்களை வாளா விடமாட்டார்கள்.

பதினான்கு நாள்

இன்று கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகள் உள்ளன. முழு மயக்கத்தில் செய்யப்படும் அறுவை ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். பாடெல்லாம் அதன் பின்னரே.

பெரியவருக்கு நோவு பிள்ளைகளைவிட மிகுதி. முதல் இரண்டு நாளைவிட நான்காம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை அது கூடும். காது வலிக்கும், காதில் நோயில்லை, தொண்டைக்கும் காதுக்கும் செல்லும் நரம்பு ஒன்றாதலால் அவ்வாறு தோன்றுகிறது. தொண்டையில் வெண்படலம் படரும். அது சீழன்று, புண் ஆறும் போர்வை. அப்போர்வை உரியும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையே குருதி கசியும் அச்சம் மிகுதி. புதுக்குருதி கண்டால், விடியட்டும் என்று இராது, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். நோவு மருந்தை வலி முற்றிய பின் அன்றி, மருத்துவர் சொன்ன வேளைப்படி உண்ண வேண்டும். ஆஸ்பிரினைத் தாமாக எடுத்தல் கூடாது.

பட்டினி கிடப்பது பெரும் பிழை. விழுங்கும் தசை அசைந்தால்தான் நோவு தணியும். கஞ்சி, குழைந்த தயிர்ச்சோறு, இளநீர் ஆகியவற்றை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளலாம். சம்பலும் சுருட்டும் விலக்க. பழநூல் என்ன கூறினும், வீட்டார் மிளகும் உப்பும் தொட்ட விரலை இப்புண்ணருகே கொண்டுவரலாகாது.

இரு வாரம் வேலை இல்லை என்பதே உழைப்பவர்க்குப் பெரிய செய்தி. மாதச் சம்பளக்காரர் மருத்துவச் சான்றிதழோடு ஓய்வெடுப்பர். நாட்கூலியும் வாடகைக் கார் ஓட்டுநரும் என் செய்வர்? நான்கு நாளில் ஆறும் என்று நம்பி ஐந்தாம் நாள் மூட்டை தூக்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து மிகுதி. ஆகவே அறுவைக்கு ஒப்புமுன் மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும்: சென்ற ஆண்டுகளில் எனக்கு எத்தனை முறை வந்தது? எடுக்காவிடில் என்ன நேரும்? குருதி கசிந்தால் நள்ளிரவில் எங்கே செல்வேன்?

முதல் வினாவுக்கு விடை மருத்துவரிடம் இராது, நோயாளியிடமே இருக்கும். கிள்ளானில் வாட்சன் காய்ச்சலை எண்ணி எழுதியது போல, தொண்டை நோவு வந்த தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்தால் போதும். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.