திருச்சிராப்பள்ளித் தோட்டங்களில் சாம்பல் நோய்

சாம்பல் நோய் என்பது எரிசிபேல்சு வரிசையைச் சேர்ந்த பூஞ்சைகளால் தாவரங்களின் இலை, இளந்தண்டு, மொட்டு ஆகியவற்றில் வெண்ணிறத் துகள் படிவது போன்று தோன்றும் நோயாகும். குளிர்நாட்டுத் தோட்டங்களில் இது பியோனி மலர்ச்செடியைத் தாக்குகின்றது. நீண்ட கடுங்குளிரை வேண்டும் அச்செடி தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்வதில்லை. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளில் ரோசா, வெண்டை, பூசணி வகைகள், மிளகாய், உளுந்து ஆகியவற்றில் இந்நோய் காணப்படுகின்றது.

நோய்க்காரணி

இப்பூஞ்சைகள் உயிருள்ள செடியில் மட்டுமே வாழக்கூடிய ஒட்டுண்ணிகள். பெரும்பாலானவை இலையின் மேற்பரப்பில் படர்ந்து, உறிஞ்சு உறுப்புகளை மேல்தோல் உயிரணுக்களுக்குள் செலுத்தி உணவைப் பெறுகின்றன. மிளகாயைத் தாக்கும் லெவெய்லுலா டாரிக்கா இதற்கு விதிவிலக்காகும். இது இலையின் உள்ளே வளர்வதால், அடிப்புறத்தில் வெண்துகளும் மேற்புறத்தில் மஞ்சள் திட்டுகளும் தோன்றும்.

ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட சில செடிகளையே தாக்கும். ரோசாவைத் தாக்கும் போடோஸ்பேரா பன்னோசா அருகிலுள்ள வெண்டைக்குப் பரவுவதில்லை. இரண்டிலும் ஒரே காலத்தில் நோய் தோன்றினால், இரண்டுக்கும் ஏற்ற வானிலை நிலவுவதே காரணமாகும்.

பருவமும் பரவலும்

பெரும்பாலான பூஞ்சை நோய்கள் இலை நனைந்திருக்கும்போது பரவுகின்றன. சாம்பல் நோய் இதற்கு மாறானது. இதன் வித்துகள் முளைப்பதற்குக் காற்றின் ஈரப்பதம் போதுமானது. இலைமீது நிற்கும் நீர் அவற்றின் முளைப்பைத் தடுக்கின்றது. எனவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் இந்நோய் அடங்கியிருக்கும். மழை ஓய்ந்து, ஈரமான இரவும் வறண்ட பகலும் மாறிமாறி வரும் மார்கழி, தை மாதங்களில் வேகமாகப் பெருகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கத்தில் இக்காலத்தில் பனி மிகுதி. சுவரோரமும் மாடியிலும் நெருக்கமாக வைக்கப்பட்ட தொட்டிச் செடிகளில் காற்றோட்டம் குறைவதால் நோய் எளிதில் பரவும்.

அடையாளம் காணுதல்

வெண்படிவத்தை விரலால் தேய்த்தால் மாவு போல் ஒட்டும். இளம் ரோசா இலைகள் சுருண்டு செந்நிறம் அடையும். மொட்டுகள் விரியாமல் நிற்கும். பஞ்சு போன்ற திரளாக, பிசுபிசுப்புடன் எறும்புகளும் காணப்பட்டால் அது மாவுப்பூச்சியாகும். பூசணி இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் கோணத்திட்டுகளும், அவற்றின் அடியில் மட்டும் பூஞ்சையும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோயாகும். அதற்கு மருந்து வேறு.

கட்டுப்படுத்துதல்

நோயுற்ற நுனிகளை வெட்டி அகற்றுதல், செடிகளுக்கிடையே இடைவெளி விடுதல், தழைச்சத்தை அளவுடன் இடுதல் ஆகியவை முதற்படிகளாகும். மிகுந்த தழைச்சத்தால் தோன்றும் மென்மையான தளிர்களே முதலில் தாக்கப்படுகின்றன. காலையில் இலைகளை நீரால் கழுவுவது வித்துகளை அழிக்கும். மாலையில் கழுவினால் இலை இரவு முழுவதும் நனைந்திருந்து, ரோசாவில் கரும்புள்ளி நோய்க்கு இடமளிக்கும்.

கந்தகம் இந்நோய்க்குரிய மிகப் பழைய மருந்து. 1845-இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரில் எட்வர்டு டக்கர் என்னும் தோட்டக்காரர் திராட்சையில் சாம்பல் நோயைக் கண்டார். அது பிரான்சுக்குப் பரவித் திராட்சை விளைச்சலைச் சீரழித்தது. வெர்சாய் தோட்டத்தைச் சேர்ந்த கிரிசோன் 1852-இல் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் கொதிக்கவைத்து உருவாக்கிய கரைசல் அதற்கு மருந்தாயிற்று. இன்று நனையும் கந்தகத்தூள் ஒரு லிட்டர் நீருக்கு 2 முதல் 3 கிராம் வரை கலந்து தெளிக்கப்படுகின்றது.

வெப்பநிலை ஏறத்தாழ 32 பாகை செல்சியசைத் தாண்டும்போது கந்தகம் இலைகளைக் கருக்கும். திருச்சிராப்பள்ளியில் மாசி மாதத்திலேயே பகல் வெப்பம் இவ்வளவைத் தாண்டுவதுண்டு. எனவே இங்கு கந்தகத்துக்குரிய காலம் மார்கழி, தை மாதங்களே. பூசணி, வெள்ளரி வகைகள் கந்தகத்தைத் தாங்குவதில்லை. வேப்பெண்ணெய் தெளித்த இரு வாரங்களுக்குள் கந்தகம் தெளித்தாலும் இலை கருகும்.

வெயில் ஏறியபின் பால் கரைசல் பயன்படுத்தலாம். பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பசுங்குடிலில் வளர்ந்த சுக்கினிப் பூசணியில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் பால் கலந்த நீர் இந்நோயைக் கட்டுப்படுத்துவது கண்டறியப்பட்டது.

உளுந்து வயல்களில்

வீட்டுத் தோட்டத்தில் பூக்களுடன் முடியும் இழப்பு, சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் வளரும் உளுந்தில் விளைச்சலையே பாதிக்கின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு, 3 விழுக்காடு வேப்பெண்ணெய், 10 விழுக்காடு தைலமர இலைச்சாறு ஆகியவற்றுள் ஒன்றை, நோய் தோன்றியதும் ஒரு முறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கப் பரிந்துரைக்கின்றது. ஆந்திராவின் லாம் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எல்.பி.ஜி. 17 என்னும் உளுந்து வகை இந்நோயைத் தாங்கி வளரக்கூடியது.

கவனிக்க வேண்டியவை

* பழைய வேளாண் கையேடுகளில் சாம்பல் நோய்க்குப் பரிந்துரைக்கப்பட்ட டினோகேப் என்னும் மருந்தை இந்திய அரசு 2023-இல் தடை செய்தது. வீட்டில் எஞ்சியிருந்தாலும் அதனைப் பயன்படுத்தலாகாது.
* கார்பென்டசிம் போன்ற ஊடுருவும் மருந்துகளைத் தொடர்ந்து தெளித்தால் பூஞ்சை எதிர்ப்புத்திறன் பெறும்.
* திருவரங்கத்து வீடுகளில் ரோசாவும் துளசியும் அடுத்தடுத்து வளர்க்கப்படுவது வழக்கம். துளசி உண்ணப்படுவதால், ரோசாவுக்கு மருந்து தெளிக்குமுன் துளசித் தொட்டியை அப்புறப்படுத்த வேண்டும்.
* நோயுற்ற இலைகளில் காணப்படும் மஞ்சள் நிறச் சிறு பொறிவண்டான இல்லெய்சு சிங்டா, சாம்பல் பூஞ்சையையே உண்டு வாழ்கின்றது. அதனைப் பூச்சி எனக் கருதிப் பூச்சிக்கொல்லி தெளித்தால் நோய்க்கு எதிரான இயற்கைத் துணை அழியும்.