அஸ்லம் குலத்தாரின் திடலிலிருந்து டோக்கியோ வரை: வில்வித்தைப் போட்டியும் நம் மார்க்கமும்

2021 ஜூலை 31 அன்று டோக்கியோ நகரின் யுமெனோஷிமா பூங்காவில் ஒலிம்பிக் ஆடவர் வில்வித்தையின் இறுதிப் போட்டி நடைபெற்றது. துருக்கியின் மெதே காஸோஸ் என்னும் 22 வயது இளைஞர், இத்தாலியின் மவுரோ நெஸ்போலியை 6-4 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் வில்வித்தையில் துருக்கி பெற்ற முதல் பதக்கம் அது. செய்தித்தாள்களில் இது ஒரு விளையாட்டுச் செய்தியாக வந்து போயிற்று. ஆயினும் முஸ்லிம்களாகிய நமக்கு அதன் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

விளையாட்டு என்றாலே அது பொழுதை வீணடிக்கும் செயல், மார்க்கத்துக்குப் புறம்பானது என்னும் எண்ணம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. இன்று ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் நடைபெறும் இந்தப் போட்டிக்கு நபித்தோழர்களின் வாழ்வில் என்ன இடம் இருந்தது, நம் இமாம்கள் அதற்கு எத்தகைய சட்டங்களை வகுத்தனர் என்பதை அறிந்தால் அந்த எண்ணத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

இரு அணியினருக்கும் துணை

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அஸ்லம் குலத்தைச் சேர்ந்த சிலர் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களை இஸ்மாயீலின் மக்களே என அழைத்து, அவர்தம் தந்தையும் வில்லாளியாகவே இருந்தார் என்று நினைவூட்டி ஊக்கப்படுத்தினார்கள். தாம் இன்ன அணியின் பக்கம் இருப்பதாகவும் கூறினார்கள். உடனே எதிரணியினர் கையை நிறுத்திக்கொண்டனர். காரணம் வினவப்பட்டபோது, அல்லாஹ்வின் தூதர் எதிரணியுடன் இருக்கையில் தாங்கள் எவ்வாறு எய்வது என்றனர். அப்போது நபி (ஸல்) அவர்கள், தாம் இரு சாராருடனும் இருப்பதாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள்.

இச்சிறு நிகழ்ச்சியில் பெரும் பாடம் அடங்கியுள்ளது. போட்டி தடுக்கப்படவில்லை, ஊக்குவிக்கப்பட்டது. ஆனால் ஒரு சாராரின் மனம் தளரும் நிலை வந்தவுடன், வெற்றியைவிடச் சமநிலையே முதன்மையாயிற்று. போட்டியிடுவோர் பகைவர் அல்லர், ஒரே தந்தையின் மக்கள் என்னும் நினைவோடு அத்திடலில் அம்புகள் மீண்டும் பறந்தன.

மலையில் நின்றவர்கள்

வில்வித்தை வெறும் கைத்திறன் அன்று என்பதை உஹது களம் உணர்த்தியது. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) நடந்த அப்போரில், அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் 50 வில்லாளிகளை ஒரு குன்றில் நபி (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். வென்றாலும் தோற்றாலும் ஆள் அனுப்பும்வரை இடத்தைவிட்டு அகலக்கூடாது என்பது கட்டளை. எதிரிகள் பின்வாங்கத் தொடங்கியதும், போர் முடிந்துவிட்டதெனக் கருதிப் பெரும்பாலோர் போர்ப்பொருள்களை நாடி இறங்கினர். தலைவரும் சிலரும் மட்டுமே நின்று உயிர்த்தியாகம் செய்தனர். எதிரிக் குதிரைப்படை பின்புறமாகச் சுழன்று வந்து தாக்கியது. ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதாயினர்.

இறங்கிச் சென்றவர்களுக்கு அம்பெய்யத் தெரியாமல் இல்லை. அவர்களுக்கு அத்தருணத்தில் தவறியது பொறுமை. அதே களத்தில் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் அருகில் நின்று எய்துகொண்டிருந்தார்கள். தம் தாய் தந்தையரை அர்ப்பணமாகச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் அவரை ஊக்கப்படுத்தியதை அலீ (ரலி) அவர்கள் வியந்து அறிவிக்கிறார்கள். இன்றும் வில்வித்தைத் திடலில் வெற்றியைத் தீர்மானிப்பது தோள்வலிமை மட்டுமன்று. மூச்சை அடக்கி, அவசரத்தை வென்று, நின்ற நிலை மாறாமல் நிற்கும் உறுதியே அம்பை இலக்கில் சேர்க்கிறது.

வில்வித்தையைக் கற்றபின் கைவிடுவதைக் கடிந்து கூறும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை அறிவிக்கும் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள், முதுமையிலும் இரு இலக்குகளுக்கிடையே நடந்து பயிற்சி செய்துவந்தார்கள். இந்த வயதில் ஏன் இத்தனை சிரமம் என ஒருவர் கேட்டபோதுதான் அவர்கள் அந்த நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

இமாம்கள் வகுத்த ஆட்டவிதிகள்

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் கல்வி, வில்வித்தை ஆகிய இரண்டின்மீதும் பெருவேட்கை கொண்டிருந்தார்கள் என்றும், பத்து அம்புகள் எய்தால் பத்தும் இலக்கில் தைக்கும் அளவுக்குத் தேர்ந்திருந்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. தமிழகக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம், ஒரு சிறந்த வில்லாளி என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

அம்மத்ஹபின் சட்டநூல்களில் பந்தயத்துக்கும் வில்வித்தைப் போட்டிக்கும் தனிப்பாடமே உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் அதைக் காணலாம். எய்யும் தொலைவு, இலக்கின் அளவு, அம்புகளின் எண்ணிக்கை, யார் முதலில் எய்வது ஆகியவை குறித்த தெளிவு முன்னரே வேண்டும் என்று ஃபுகஹாக்கள் பேசுகின்றனர். அம்பு இலக்கைத் தொட்டாலே போதுமா, தைத்து நிற்க வேண்டுமா என்பதையும் பிரித்து ஆராய்கின்றனர். குறித்த எண்ணிக்கையை முதலில் எட்டுபவரே வென்றவர் என்னும் முறைக்கு ‘முபாதரா’ என்று பெயர். இருவரின் வெற்றி எய்தல்களையும் ஒன்றுக்கொன்று கழித்து, மிகுதியைக் கணக்கிடும் முறை ‘முஹாத்தா’ எனப்படும்.

இன்றைய ஒலிம்பிக் தனிநபர் போட்டியைச் சற்றே ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைவு 70 மீட்டர். இலக்கின் விட்டம் 122 சென்டிமீட்டர். அதில் பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டம் 12.2 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு மூன்று அம்புகள். சுற்றை வென்றவருக்கு 2 புள்ளி, சமமானால் ஆளுக்கு 1 புள்ளி. முதலில் 6 புள்ளியை எட்டுபவரே வென்றவர். கோட்டைத் தொட்ட அம்புக்கு உயர்ந்த மதிப்பெண் தரப்படும். நூற்றாண்டுகளுக்கு முன் நம் மதரஸாக்களில் ஓதப்பட்ட பாடத்தின் அதே கேள்விகளுக்கே இவ்விதிகளும் விடை கூறுகின்றன.

பரிசைப் பற்றியும் தெளிவான வரையறை உண்டு. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய போட்டிகளுக்குப் பரிசை அனுமதிக்கும் நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. ஆட்சியாளரோ மூன்றாமவரோ தரும் பரிசு ஆகும். போட்டியிடும் இருவரும் பணத்தைக் கட்டி, வென்றவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது சூதாகும். அரசு அளிக்கும் ஊக்கத்தொகைக்கும், கைப்பேசியில் பணம் கட்டி விளையாடும் பந்தயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய சான்று இல்லை.

உயிருள்ள எதையும் இலக்காக்கக் கூடாது என்பதும் நபிவழி. ஒரு பறவையைக் கட்டிவைத்து எய்துகொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்வோர், பிறருக்குக் காயம் நேராதபடி அதன் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. எய்பவர் நிற்கும் கோட்டுக்கு முன்னே எவரும் இருக்கலாகாது என்னும் இன்றைய திடல் ஒழுங்கும் அதே அக்கறையில் பிறந்ததே.

இஸ்தான்புல்லின் அம்புத் திடல்

1453-இல் இஸ்தான்புல்லை வென்ற சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ், அங்கு வில்லாளிகளுக்கென ஒரு பெருந்திடலை ஒதுக்கினார். ஒக்மெய்தானி, அதாவது அம்பு மைதானம் என்பது அதன் பெயர். உளூவுடன் அங்கு நுழைவது மரபு. 900 கெஸ் தொலைவுக்கு, அதாவது ஏறத்தாழ 600 மீட்டருக்கு அம்பைச் செலுத்தியவருக்கே வில்லாளி என்னும் அங்கீகாரம் கிடைத்தது. சாதனை படைத்த அம்புகள் விழுந்த இடங்களில் கல்தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்த உஸ்மானியத் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி, 480 கஜத்துக்கும் மேலாக அம்பெய்து ஆங்கிலேய வில்லாளிகளை வியப்பில் ஆழ்த்தினார்.

துப்பாக்கியின் வருகையால் வில் போர்க்களத்தைவிட்டு மறைந்தது. எனினும் கலையாக அது தொடர்ந்தது. 2019-இல் துருக்கியின் மரபு வில்வித்தையை யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெற்றோர் இருவரும் வில்வித்தையோடு தொடர்புடைய இல்லத்தில் பிறந்த மெதே காஸோஸ், இந்த மண்ணிலிருந்தே டோக்கியோவுக்குச் சென்றார்.

உலக அரங்கில்

ஒலிம்பிக்கில் வில்வித்தை முதன்முதலில் 1900-இல் பாரிஸ் நகரில் இடம்பெற்றது. 1908-இல் லண்டனில் 53 வயதில் தங்கம் வென்ற க்வீனி நியூவால், உக்பா (ரலி) அவர்களைக் கேட்டவருக்கு விடை சொல்வதுபோல் விளங்கினார். ஆனால் போட்டி நடத்தும் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி விதிகளை அமைத்தமையால், 1920-க்குப் பின் அது விலக்கப்பட்டது. 1931-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றிப் பொதுவிதிகளை உருவாக்கியது. 1972-இல் மியூனிக்கில் வில்வித்தை மீண்டும் இடம்பெற்றது. விதியில்லாத போட்டி நிலைக்காது என்று நம் இமாம்கள் உணர்ந்திருந்ததை உலகமும் பட்டறிவால் உணர்ந்தது.

ஈரானின் கெர்மான் நகரைச் சேர்ந்த ஸஹ்ரா நிஃமத்தி, விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஹிஜாபுடன் வில்லேந்திய அவர் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கிலோ பாராலிம்பிக்கிலோ தங்கம் வென்ற முதல் ஈரானியப் பெண் அவரே. 2016-இல் ரியோவில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் பங்கேற்றார். உடலை மறைத்த உடையும் நடக்க இயலா நிலையும் அவருடைய அம்பைத் தடுக்கவில்லை.

நம் நாட்டின் தீபிகா குமாரி, ராஞ்சிக்கு அருகே ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்து, மூங்கில் வில்லில் பழகியவர். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் இரு தங்கம் வென்றார். கைகளின்றிப் பிறந்த கிஷ்த்வாரின் சீதள் தேவி, காலால் வில்லைப் பிடித்து எய்து, 2023-இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் இரு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். தமிழகத்தில் இக்கலையைப் பலருக்குப் பயிற்றுவித்தவர், மதுரையில் பிறந்து 2025 மார்ச் 25 அன்று மறைந்த ஷிஹான் ஹுசைனி.

நம் ஊர்களுக்கு

சேத்தியாத்தோப்பு போன்ற சிற்றூர்களில் விலையுயர்ந்த வில்லை வாங்கப் பல குடும்பங்களால் இயலாது. ஆனால் மூங்கில் வில்லுக்கென்றே நம் நாட்டில் ‘இந்தியச் சுற்று’ என்னும் தேசிய அளவிலான போட்டிப் பிரிவு இருக்கிறது. முறையான பயிற்சியாளரும், அரணிட்ட பாதுகாப்பான திடலும், அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரமும் தொடக்கத்துக்குப் போதும். ஜமாஅத் நிர்வாகிகள் கோடை விடுமுறைத் தீனிய்யாத் வகுப்புகளோடு இதையும் இணைத்து எண்ணிப் பார்க்கலாம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குவதும் கடினமன்று.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெறப் போவதில்லை. ஆயினும் நின்ற இடத்தில் உறுதியாக நிற்கவும், தோற்றவரைச் சகோதரராக மதிக்கவும், நேர்மையான பரிசையும் சூதையும் பிரித்தறியவும் அவர்கள் கற்பார்கள். உஹதுக் குன்று கற்பித்த பொறுமையும், அஸ்லம் குலத்தாரின் திடல் கற்பித்த அன்பும் அதுவே.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு உடல்வலிமையையும் உள்ளவுறுதியையும் வழங்கி, அவற்றை நன்மையின் வழியில் பயன்படுத்தும் நற்பேற்றை அருள்வானாக. ஆமீன்.