தேரடி ஆசான்

மகனைச் சிலம்பம் பழக யாரிடம் விடலாம் என்று நேயர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். வாத்தியாரின் வாய்ப்பேச்சைப் பார்க்க வேண்டாம், அவரிடம் பழகியவர்களின் காலடியைப் பாருங்கள், ஊரில் நாலு பேரிடம் விசாரியுங்கள் என்று பதில் எழுதினேன். தபாலில் சேர்த்த பிறகுதான் மனம் உறுத்தியது. யாழ்ப்பாணம் இன்றும் நினைவில் வைத்துப் போற்றும் ஒரு குருவைப் பற்றி அன்று ஊரில் விசாரித்திருந்தால், கிடைத்திருக்கக் கூடிய பதில் ‘அவன் விசரன்’ என்பதுதான்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் கச்சேரியில் வேலை பார்த்தவர். கடையிற் சுவாமிகளின் சீடர். தனக்குள் பேசிச் சிரிப்பார். வருவோர் போவோரை ஏசுவார். வணங்க வந்தவர்களுக்கும் கிடைத்தது அந்த ஏச்சுத்தான்.

அவரிடம் போய் அகப்பட்டவர் கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த யோகநாதன். 1872இல் மாவிட்டபுரத்திற் பிறந்தவர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து பேசியபோது கூட்டத்தில் அவரும் நின்றார் என்பர். உலகம் வியந்த நாவன்மையைக் கேட்ட அந்த மனிதரை, 1905 அளவில், தேரடியிலிருந்து வந்த ‘ஆரடா நீ?’ என்ற அதட்டல் நிறுத்திவிட்டது. உத்தியோகம் போயிற்று.

பிறகு நடந்த பயிற்சியைச் சிலம்பக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். பாடம் என்று ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் மைல்கணக்கில் நடை. பசியோடு திரும்பி, சோறும் கறியும் ஆக்கி இறக்கியபின், செல்லப்பர் பானையை உடைத்துவிட்டுப் போய்விடுவாராம். எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று தெரியாமல் நிற்கப் பழகுவதே அங்கு பழக்கம்.

இவை அடியார் வாய்வழி வந்த செய்திகள். ஒவ்வொன்றையும் சாசனமாக நான் கொள்ளவில்லை. ஏசுகிறவரெல்லாம் செல்லப்பராகிவிடவும் மாட்டார். மாணாக்கனை அடித்தே தன்னைப் பெரியவனாக்கிக் கொள்ளும் வாத்திமாரை நாம் கண்டிருக்கிறோம். வேறுபாட்டை நான் காண்பது ஓரிடத்தில். செல்லப்பர் காசு வாங்கவில்லை, மடம் கட்டவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. வந்த சீடனைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு தறியில் இரண்டு யானை கட்டுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நேயருக்கு இதையும் எழுதியிருக்க வேண்டும்: பழக்கி முடிந்ததும் பிள்ளையைப் போக விடுகிற ஆளா என்று பாருங்கள்.

யோகர் கதிர்காமம்வரை யாத்திரை போய்த் திரும்பி, கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் இருந்தார். பின்னாளில் அவரும் வந்தவர்களை ஏசித் துரத்தினார்; துரத்தத் துரத்த வந்தார்கள். பிரபு குடும்பத்து ஆங்கிலேயர் ஒருவர்கூட வந்து சீடராகிச் சந்தசுவாமி எனப் பெயர் பெற்றார். 1935இல் ‘சிவதொண்டன்’ இதழ் தொடங்கிற்று. 1964இல் யோகர் மறைந்தார்.

செல்லப்பர் மறைந்தது 1915இல். நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்க யோகர் போனாராம். கொட்டிலுக்குள்ளிருந்து பழைய அதட்டலே வந்தது: உள்ளே வராதே, வெளியே நின்று பார். யோகர் படலையடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.