கன்சல்டிங் இன்டர்ன்ஷிப்: எந்த ஆண்டில், எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது?

பிளஸ் டூ முடிந்ததும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று குடும்பமே கூடிப் பேசுகிறோம். சேர்த்துவிட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. இறுதியாண்டில் வேலை தேடத் தொடங்கும்போதுதான் ‘இன்டர்ன்ஷிப் செய்திருக்கிறாயா?’ என்ற கேள்வி பல வீடுகளில் முதன்முதலாகக் காதில் விழுகிறது. கன்சல்டிங் துறையைப் பொறுத்தவரை அதற்குள் முக்கியமான வாய்ப்புகள் கடந்து போயிருக்கும். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனதில் வைத்து, இதன் காலக் கணக்கை இங்கே தருகிறோம்.

முதலில், கன்சல்டிங் என்றால் என்ன? ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தன் சிக்கலை வெளியாரிடம் கொடுத்து, ஆராய்ந்து வழி சொல்லக் கேட்பதுதான். மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் ஆகிய மூன்றும் நிர்வாக ஆலோசனையில் பேர்பெற்றவை. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கும் தணிக்கை, வரி ஆகியவற்றுடன் ஆலோசனையும் செய்பவை. பயிற்சிக்குச் சேரும் மாணவர் தகவல் திரட்டுவார், எக்செல்லில் கணக்குப் போடுவார், அறிக்கை தயாரிக்க உதவுவார். நன்றாகச் செய்தவருக்குப் படிப்பு முடியும் முன்பே வேலை உறுதிக் கடிதம் கிடைப்பதும் உண்டு. அதனால்தான் இந்த இரண்டு மாதப் பயிற்சிக்கு இவ்வளவு போட்டி.

பயிற்சி நடப்பது கோடை விடுமுறையில் என்றால், விண்ணப்பமும் கோடையில்தான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஐஐடி போன்ற வளாகங்களில் அடுத்த ஆண்டு மே மாதம் தொடங்கும் பயிற்சிக்கு முந்தைய ஜூலை, ஆகஸ்டிலேயே தேர்வு தொடங்கிவிடும். ஐஐஎம்களில் ஜூனில் முதலாண்டு சேர்ந்த மாணவருக்கு அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே கோடைப் பயிற்சித் தேர்வு நடந்துவிடும். சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. எனவே எம்பிஏ படிக்கப் போகும் பிள்ளை, நுழைவுத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள மாதங்களிலேயே ரெஸ்யூமைச் சரிசெய்து, நேர்காணலில் கேட்கும் ‘கேஸ்’ கேள்விகளைப் பழக வேண்டும். பாவு போடாமல் தறியில் உட்கார்ந்து பயனில்லை என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது மூன்றாண்டு பி.காம், பிபிஏ, பி.எஸ்சி அல்லது நான்காண்டுப் பொறியியல். மூன்றாண்டுப் படிப்பில் இருக்கும் கோடை விடுமுறைகள் இரண்டே இரண்டு. முதலாண்டுக் கோடையில் பெரிய நிறுவனம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆக மிஞ்சுவது இரண்டாம் ஆண்டுக் கோடை ஒன்றுதான். அதற்கு இரண்டாம் ஆண்டின் நவம்பர் தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். பொறியியல் மாணவருக்கு மூன்றாம் ஆண்டுக் கோடை முக்கியம்; மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே அவர் தயாராக இருக்க வேண்டும்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன முதல் மூன்று நிறுவனங்களும் பெரும்பாலும் குறிப்பிட்ட சில கல்லூரிகளின் வளாகங்களுக்கே வந்து ஆள் எடுக்கின்றன. மற்றக் கல்லூரி மாணவர் அவற்றின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை மட்டுமே நம்பி ஒரு கோடையை வீணாக்கக் கூடாது. மேலும், ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்கக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இத்துறையில் பல இடங்களில் உண்டு. ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று ஆயத்தமில்லாமல் விண்ணப்பித்தால், ஆயத்தமாகும்போது கதவு மூடியிருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

வணிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நம்பகமான வழி சிஏ என்பது எங்கள் கருத்து. சிஏ இன்டர்மீடியட்டின் இரு பிரிவுகளிலும் தேறி, அதற்குரிய கணினி மற்றும் அறிமுக வகுப்புகளை முடித்தவர், ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் செய்முறைப் பயிற்சியில் சேரலாம். முன்பு மூன்றாண்டாக இருந்த இந்தப் பயிற்சி, 2023 ஜூலை 1 முதல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்தது. குறைந்தபட்ச உதவித்தொகையும் வரையறுக்கப்பட்டுள்ளது. டெலாய்ட் முதலிய நான்கு பெரும் நிறுவனங்களிலும் இப்படிச் சேர்பவர்கள் உண்டு. கல்லூரியின் பெயரைவிட இன்டர்மீடியட் தேர்ச்சி இங்கே அதிகம் பேசும். இன்டர்மீடியட் தேர்வு 2024 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. முடிவு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். நல்ல அலுவலகங்களில் இடங்கள் முடிவு வெளியான சில வாரங்களிலேயே நிரம்பிவிடுகின்றன. எனவே முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மாதத்தில் ரெஸ்யூம் தயாராக வேண்டும், அலுவலகங்களின் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

அரசுப் பக்கமும் வழி உண்டு. தில்லியில் உள்ள நிதி ஆயோக், ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10ஆம் தேதி வரை இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களைப் பெறுகிறது. இளநிலை மாணவர் இரண்டாம் ஆண்டு இறுதித் தேர்வை எழுதியிருக்க வேண்டும்; பிளஸ் டூவில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை. உதவித்தொகை கிடையாது, தில்லியில் தங்கும் செலவு நம்முடையது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கியபோது வகுத்த விதிகளின்படி அது 21 முதல் 24 வயதுக்குட்பட்ட, முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாதவர்களுக்கானதாக இருந்தது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை, இப்போதைய விதியைப் பார்க்காமல் அதற்குக் காத்திருக்கக் கூடாது.

முதலாண்டுக் கோடையில் என்ன செய்வது? நம் ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம். ஒரு பட்டுச் சேலைக் கடையில் அனுமதி கேட்டு, ஓராண்டு விற்பனைக் கணக்கை எடுத்து, எந்த விலைச் சேலை எந்த மாதம் போகிறது, எவ்வளவு சரக்கு ஆறு மாதமாக அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது, அதில் சிக்கிய முதல் எவ்வளவு என்று நான்கு பக்கத்தில் எழுதட்டும். கன்சல்டிங் என்பதே இதுதான். முகூர்த்த மாதங்களில் கடைக்காரருக்குப் பேச நேரமிருக்காது. ஆடியில் கேட்டால் உட்கார வைத்துச் சொல்வார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் உறவினர் வேலை பார்த்தால் அங்கே ஒரு மாதம் கணக்குப் பிரிவிலோ கிடங்கிலோ இருந்து பார்க்கலாம். நேர்காணலில், சான்றிதழ் மட்டும் தரும் பத்து ஆன்லைன் வகுப்புகளைவிட இப்படிப்பட்ட ஒரு வேலை அதிகம் கைகொடுக்கும்.

நாட்காட்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2026, 2027 ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. வளாகத்துக்கு வெளியே நடக்கும் பல நேர்காணல்களும் அந்த மாதங்களில்தான். நோன்புக் காலத்தில் காலை நேரம் ஒதுக்கித் தரும்படியோ, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்க்கும்படியோ முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்பதில் தவறில்லை. கேட்பதை அழைப்பு வந்த அன்றே கேட்டுவிட வேண்டும், நேர்காணலுக்கு முந்தின இரவில் அல்ல.

வீட்டில் பேச வேண்டியதையும் விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். செங்கல்பட்டு வழியாக ரயில் இருக்கிறது என்றாலும், இரவு எட்டு மணி வரை நீளும் வேலைக்குத் தினமும் போய்வருவது இரண்டு மாதத்துக்குத் தாங்காது. யார் வீட்டில் தங்குவது, எந்த விடுதி, செலவு எவ்வளவு? பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டு, தேர்வான பிறகு ‘வேண்டாம்மா’ என்று சொல்லும் வீடுகள் உள்ளன. ஏற்றுக்கொண்ட பயிற்சிக்குப் போகாவிட்டால், பல கல்லூரிகளில் அந்த மாணவியை அடுத்த வேலைவாய்ப்பு முகாமில் உட்கார விடமாட்டார்கள். தயக்கம் இருந்தால் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சிகளை அவர் தேட நேரம் இருக்கும்.

கடைசியாக, பணம். ‘முன்பணம் கட்டினால் பெரிய கம்பெனியில் இன்டர்ன்ஷிப்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் தேர்வு முடியும் மாதங்களில் பெருகும். மேலே பெயர் சொன்ன எந்த நிறுவனமும் பயிற்சிக்காக மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. அழைப்பு வந்தால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த இடம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா, மின்னஞ்சல் முகவரி அந்த நிறுவனத்துடையதுதானா என்று பாருங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.