நடுச் சுரத்தின் டை எந்தப் பக்கம்?

பியானோ இசைத்தாள்களைக் கணினியில் கோக்கும் எனக்கு லைப்சிக் நகரின் பழைய பதிப்புகளே பாடப்புத்தகம். இசைத்தாள் செதுக்குநர் ரோடர் 1846இல் அச்சுப் பட்டறை தொடங்கிய ஊர் அது. அக்காலச் செதுக்குநர்கள் வெள்ளீயமும் ஈயமும் கலந்த தகட்டில் சுரத்தலைகளைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பார்கள். ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்கச் சொல்லும் டை (tie) வளைவுகளையோ உளி பிடித்துக் கையாலேயே செதுக்குவார்கள், அதுவும் இடவலம் மாற்றி! பிசகினால் தகட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்ய வேண்டும். எத்தனை பொறுமை!

நான்கு சுரங்கள் சேர்ந்த கார்டில் மேலிரண்டு டை மேலேயும் கீழிரண்டு கீழேயும் வளையும். மூன்று என்றால் நடுச் சுரத்துக்குத்தான் யோசிக்க வேண்டும். 1996இல் இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கிய லில்லிபாண்ட் மென்பொருள், பல அமைப்புகளுக்கு மதிப்பெண் போட்டுத் திசையைத் தேர்கிறது. சுரங்கள் ஒட்டி நெருங்குமிடத்தில் மட்டும் நானே கட்டளை எழுதித் திருப்புகிறேன். வாசிப்பவரின் கண் தடுமாறக் கூடாது.